தோலுக்குள் ஸ்பிரிட் போகுமா? மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை கோரிப்பாளையத்தில், பெரியாஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரத்தில் மருந்துக்கடை வைத்திருந்தால் சீட்டோடு கேள்விகளும் சேர்ந்தே வரும். ஸ்பிரிட், சானிடைசர், வலி ஜெல், முடி லோஷன், இந்த நாலைப் பற்றித்தான் சந்தேகம் அதிகம். நாலிலும் பொதுவாக இருப்பது ஆல்கஹால். அது தோல் வழியாக எவ்வளவு உள்ளே போகிறது, தோலை என்ன செய்கிறது, கூட வரும் மற்ற பொருள்களை எப்படி உள்ளே விடுகிறது என்பதையெல்லாம் கூட்ட நேரத்தில் கவுண்டரில் நின்று விளக்க முடிவதில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். கேட்டவர்கள் பேச்சு அப்படியே இருக்கட்டும் என்று கேள்விகளைத் திருத்தவில்லை.

"ஆல்கஹால்னா சாராயம்தானே? அதை எதுக்கு மருந்துல சேர்க்குறாங்க?"

சாராயத்தில் இருப்பது எத்தனால். ஆல்கஹால் என்ற பெயரில் வேதியியலில் இன்னும் நிறைய உண்டு. மூலக்கூறில் ஒரே ஒரு கார்பன் அணு இருந்தால் மெத்தனால், இரண்டு இருந்தால் எத்தனால், மூன்று இருந்தால் புரொப்பனால் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். இப்படியே நீண்டு எட்டில் ஆக்டனால், பதினாறில் சீட்டைல் ஆல்கஹால், பதினெட்டில் ஸ்டீரைல் ஆல்கஹால். கடைசி இரண்டும் மெழுகு போன்ற வெள்ளைத் துண்டுகள். நாம் வீட்டில் வைத்திருக்கும் கிளிசரினும், பல லோஷன்களில் இருக்கும் புரொப்பிலீன் கிளைக்காலும்கூட ஆல்கஹால்தான்.

கடையில் "ஒரு ஸ்பிரிட் குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் எத்தனாலாகவோ ஐசோபுரொப்பைலாகவோ இருக்கும். எது என்று லேபிளில் போட்டிருக்கும், பாருங்கள். கீழே வரும் பதில்களில் பாதி, எந்த ஆல்கஹால் என்பதைப் பொறுத்துத்தான் மாறுகிறது.

"தோல்தான் கெட்டியா இருக்கே, அதுக்குள்ள எப்படிப் போகும்?"

நாம் கெட்டி என்று நினைக்கும் தோலில் பெரும்பகுதி தடுப்பு வேலையே செய்வதில்லை. தடுப்பது முழுக்க மேலே இருக்கும் ஒரு மெல்லிய செத்த அடுக்கு. உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில் அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரான்தான். சாதாரண நோட்டுத் தாள் சுமார் 100 மைக்ரான் இருக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்குகிற சமாச்சாரம்தான் நம் உடம்பில் இருக்கும் தண்ணீரையும் வெளியே இருக்கும் விஷத்தையும் பிரித்து வைத்திருக்கிறது.

அதன் அமைப்பைச் செங்கல் சுவர் என்று பாடப் புத்தகங்களே சொல்கின்றன. கெரட்டின் என்ற புரதம் நிறைந்த தட்டையான செத்த செல்கள் செங்கல். அவற்றுக்கு இடையே பூசிய சாந்து, கொழுப்பு. அந்தக் கொழுப்பில் எடைக்கணக்கில் ஏறக்குறைய பாதி செராமைடு, கால் பங்கு கொலஸ்ட்ரால், மிச்சத்தில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். வெளியிலிருந்து வரும் பொருள் பெரும்பாலும் செங்கல்லைத் துளைப்பதில்லை. சாந்து வழியாகச் சுற்றிச் சுற்றித்தான் உள்ளே போகிறது. முடிக்கால்களும் வியர்வைத் துளைகளும் குறுக்கு வழிதான், ஆனால் அவற்றின் பரப்பு மொத்தத் தோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான்.

ஆல்கஹால் கைவைப்பது அந்தச் சாந்தில்தான்.

"சரி, எவ்வளவு வேகமாப் போகும்?"

இதற்கு அமெரிக்காவில் ஷூப்லீன், பிளாங்க் என்ற இருவர் 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் மனிதத் தோலை வைத்து அளந்து பதில் சொன்னார்கள். தண்ணீரில் கரைத்த ஆல்கஹால்களை வரிசையாகச் சோதித்ததில், மூலக்கூறு நீள நீள ஊடுருவும் தன்மை ஏறிக்கொண்டே போனது. எத்தனாலுக்கு மணிக்கு சுமார் 0.0008 சென்டிமீட்டர். ஆக்டனாலுக்கு 0.05-ஐத் தாண்டியது, அதாவது அறுபது மடங்குக்கும் மேல். காரணம் எளிது. நீண்ட ஆல்கஹாலுக்குத் தண்ணீர் பிடிக்காது, கொழுப்பு பிடிக்கும். தண்ணீரில் தத்தளிப்பதைவிட சாந்துக்குள் போய் உட்காரவே விரும்பும்.

இதிலிருந்து "சின்ன ஆல்கஹால் போகாது, பெரியது போகும்" என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அதே ஆட்கள் தண்ணீர் கலக்காத சுத்தமான ஆல்கஹாலைத் தோல்மேல் வைத்தபோது வரிசை தலைகீழானது. மெத்தனாலும் எத்தனாலும் அதிகமாகப் போயின, நீளமானவை குறைந்தன. சுத்தமான ஆக்டனாலுக்கு, தான் இருக்கும் இடத்தை விட்டுப் போக அவசரம் ஒன்றுமில்லை. சுத்தமான மெத்தனாலோ தோலின் கொழுப்பையே குலைத்துவிட்டுத் தனக்கு வழி செய்துகொள்கிறது. ஆகவே எது போகும் என்பது அந்தப் பொருளை மட்டும் பொறுத்ததில்லை. அது எதில் கரைந்து வருகிறது என்பதும் சரிபாதிக் காரணம். என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

1992-ல் பாட்ஸ், கை என்ற இருவர், தண்ணீரில் கரைந்து வரும் பொருளுக்கு அதன் கொழுப்பு நாட்டத்தையும் மூலக்கூறு எடையையும் மட்டும் வைத்தே ஊடுருவலைக் கணிக்கும் சமன்பாடு ஒன்றைக் கொடுத்தார்கள். இன்றும் பாதுகாப்புக் கணக்குகளில் அது பயன்படுகிறது. மூலக்கூறு எடை 500-ஐத் தாண்டினால் சாதாரணத் தோலில் நுழைவது மிகக் கஷ்டம் என்பது தோல் மருந்து செய்பவர்களின் கைக்கணக்கு. எத்தனாலின் எடை 46.

"இதையெல்லாம் உயிரோட இருக்குற மனுஷன் மேலயா சோதிச்சாங்க?"

பெரும்பாலும் இல்லை. அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்த தோலையோ இறந்தவர்களின் தோலையோ வைத்துத்தான் செய்வார்கள். தடுக்கும் அடுக்கே செத்த செல்களால் ஆனது என்பதால், உடம்பை விட்டு வந்த பிறகும் அது தன் வேலையைச் செய்கிறது. ஃபிரான்ஸ் என்பவர் 1975-ல் விவரித்த கண்ணாடிக் கலம் இன்றும் ஆய்வகங்களில் இருக்கிறது. மேலே ஒரு கிண்ணம், கீழே ஒரு கிண்ணம், நடுவில் தோல். மேலே மருந்தை ஊற்றி, தோலின் மேற்பரப்பு 32 டிகிரி இருக்கும்படி சூடு வைத்து, கீழே இருக்கும் திரவத்தை நேரத்துக்கு நேரம் எடுத்து அளப்பார்கள்.

எலி, முயல் தோலிலும் சோதிப்பார்கள். ஆனால் அவை மனிதத் தோலைவிடத் தாராளமாக உள்ளே விடும். பன்றித் தோல்தான் நமக்கு நெருக்கம்.

"சானிடைசர் போட்டுட்டு வண்டி ஓட்டுனா ஊதச் சொல்றப்ப மாட்டிக்குவேனாண்ணே?"

ஆட்டோ ஓட்டும் தம்பிகள் கேட்கும் கேள்வி இது. ஜெர்மனியில் 2007-ல் வெளியான ஒரு ஆய்வில், பெரியவர்கள் அரை மணி நேரத்துக்குள் 20 தடவை, தடவைக்கு 4 மில்லி வீதம் எத்தனால் கரைசலைக் கையில் தேய்த்தார்கள். யாரும் நடைமுறையில் அவ்வளவு தேய்க்க மாட்டார்கள். 95 சதவீத எத்தனால் கரைசலுக்குக்கூட ரத்தத்தில் ஏறியது 100 மில்லிக்கு சுமார் 2 மில்லிகிராம்தான். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் வரம்பு 100 மில்லிக்கு 30 மில்லிகிராம். ரத்தத்தில் ஏறிய அந்த 2 மில்லிகிராமிலும் ஒரு பகுதி மூச்சில் இழுத்த ஆவியிலிருந்து வந்தது.

ஒரு 30 மில்லி பிராந்தியில் சுமார் 10 கிராம் எத்தனால் இருக்கிறது. ஒருமுறை கை தேய்ப்பதில் தோல் வழியாகப் போவது மில்லிகிராம் கணக்கில்தான். மீதி காற்றோடு போய்விடுகிறது. கையில் ஈரம் காயுமுன்பே கருவியை வாங்கி ஊதினால், அந்த ஆவியே கருவியைக் குழப்பலாம். கை காயட்டும், அப்புறம் ஊதுங்கள். "சானிடைசர்தான் சார் போட்டேன்" என்ற சாக்கு மட்டும் எடுபடாது.

"அப்ப ஆல்கஹால் தோலை ஒண்ணும் செய்யாதா?"

செய்யும். எத்தனால் சாந்துக்குள் புகுந்ததும், நெருக்கமாக அடுக்கியிருக்கும் கொழுப்பு மூலக்கூறுகளுக்கு நடுவே போய் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. அளவு கூடினால், தளர்த்துவதோடு நிற்காமல் கொஞ்சம் கொழுப்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும். ஸ்பிரிட் பஞ்சால் முழங்கையைத் துடைத்துவிட்டு ஒரு நிமிஷம் கழித்து வெளிச்சத்தில் பாருங்கள். தோல் வெளுத்து, கோடு கோடாக, இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும். போனது மேற்பரப்பு எண்ணெயும் ஈரமும்.

இதற்கு மேல்தான் சுவாரசியம். எத்தனால் அளவைக் கூட்டக் கூட்ட கூட வரும் மருந்து அதிகமாகப் போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பல மருந்துகளில் அப்படி நடப்பதில்லை. ஒரு அளவு வரை ஏறி, அதன்பின் இறங்குகிறது. சுத்த எத்தனாலுக்கு அருகில் போனால், அது அந்தச் செத்த அடுக்கில் இருக்கும் தண்ணீரையும் உறிஞ்சிவிடுகிறது. ஈரம் போன அடுக்கு இறுகி, மருந்தைக் குறைவாகவே விடுகிறது. உச்சம் எந்த இடத்தில் என்பது மருந்துக்கு மருந்து மாறும். பல சோதனைகளில் பாதிக்கு மேல், முக்கால் பங்குக்குள் வந்திருக்கிறது. கிருமியைக் கொல்வதிலும் சுத்த ஆல்கஹாலைவிடத் தண்ணீர் கலந்ததுதான் கெட்டிக்காரன். அங்கேயும் தண்ணீருக்கு ஒரு வேலை இருக்கிறது, ஆனால் காரணம் வேறு.

ஆல்கஹால் ஆவியாகிப் போனதும் தளர்ந்த கொழுப்பு பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். கரைந்து வெளியேறிய கொழுப்பைத் தோல் திரும்பச் செய்ய வேண்டும். அந்த வேலை சில மணி நேரத்திலேயே தொடங்கினாலும் முழுதாக முடியச் சில நாள் பிடிக்கும். தினமும் முப்பது தடவை கை துடைப்பவருக்கு அந்த அவகாசமே கிடைப்பதில்லை.

எனவே நான் கடையில் முதலில் கேட்பது, "காய விட்டீங்களா, மூடி வச்சீங்களா?" என்பதைத்தான். காற்றில் ஆறிவிட்டால் ஆல்கஹாலுக்குக் கிடைக்கும் நேரம் சில நொடி. பிளாஸ்டிக் சுற்றியோ, ஈரப் பஞ்சை வைத்துக் கட்டியோ, கையுறைக்குள் சிக்கவைத்தோ மூடிவிட்டால் மணிக்கணக்கு. மூடிய தோலில் ஈரமும் ஊறும், அதுவே ஊடுருவலைப் பல மடங்கு கூட்டும்.

"வலி ஜெல்லுல, பேட்ச்சுல வேணும்னே சேர்க்குறாங்களா?"

ஆமாம். டைக்ளோஃபினாக் ஜெல்லைத் தடவியதும் ஜில்லென்று இருப்பது பெரும்பாலும் அதில் இருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஆவியாவதால். மருந்தைக் கரைத்து வைத்திருப்பது அதன் ஒரு வேலை. ஆவியானதும், குறைந்த திரவத்தில் மருந்து அடர்த்தியாகி, "எப்படா உள்ளே போவோம்" என்ற நிலைக்கு வந்துவிடுகிறது. தோலைத் தளர்த்துவதைவிட இந்த அடர்த்தி ஏற்றம்தான் சில மருந்துகளில் பெரிய காரணம்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஈஸ்ட்ரடையால் ஹார்மோன் பேட்ச் (தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை) 1980-களில் வந்தது. அதன் முதல் வடிவத்தில் மருந்தை எத்தனாலில் கரைத்து ஒரு சின்னப் பைக்குள் அடைத்திருந்தார்கள். அங்கே ஆல்கஹால் ஆவியாக வழியில்லை, தோலுக்குள்தான் போக வேண்டும். மருந்தையும் கூட இழுத்துப் போகும். ஜெருசலேமில் தூயிட்டு என்ற ஆய்வாளர் எத்தோசோம் என்று ஒன்றை உருவாக்கினார். கொழுப்பாலான நுண்பைகளுக்குள் 20 முதல் 45 சதவீதம் வரை எத்தனால் வைத்த வடிவம் அது. எத்தனாலால் அந்தப் பைகள் வளைந்து கொடுக்கின்றன, தோலின் கொழுப்பும் வழிவிடுகிறது.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் ஜெல் எத்தனால் அடிப்படையில் செய்தது. தடவியவரின் தோளில் குழந்தை சாய்ந்து தூங்கினால், மிச்சமிருக்கும் ஹார்மோன் குழந்தைக்குப் போய்விடுகிறது. சின்னக் குழந்தைகளுக்குப் பருவ மாற்றம் தெரிந்த சம்பவங்களுக்குப் பிறகு, 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பெட்டியில் பெரிய எச்சரிக்கை போடச் சொன்னது. தடவி, காயவிட்டு, சட்டை போட்டு மூடி, கையைச் சோப்பால் கழுவ வேண்டும்.

"முடி லோஷன் போட்டா மண்டை அரிக்குது. ஸ்பிரிட்டாலயா?"

மினாக்ஸிடில் லோஷனைச் சொல்கிறீர்கள். 5 சதவீத லோஷனின் வழக்கமான செய்முறையில் எத்தனால் 30 பங்கு, தண்ணீர் 20, மிச்சம் பாதி புரொப்பிலீன் கிளைக்கால். அரிப்புக்குப் பெரும்பாலும் குற்றவாளி இந்தக் கடைசி ஆள்தான். எத்தனால் பறந்த பிறகும் மண்டையில் தங்கி மருந்தைக் கரைநிலையில் வைத்திருப்பது அது. முழுக்கக் காய்ந்தபின் முடியடியில் வெள்ளைத் துகள் தெரிந்தால், தோலுக்குள் போகாமல் படிகமான மருந்து. புரொப்பிலீன் கிளைக்கால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நுரை வடிவம் இருக்கிறது. டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் நெருப்பாக் கொதிக்குது. அப்பத்தா ஸ்பிரிட்டால துடைக்கச் சொல்லுது. துடைக்கவா?"

வேண்டவே வேண்டாம், ஆத்தா. இந்தக் கேள்விக்கு மட்டும் நான் யோசித்துப் பதில் சொல்வதில்லை.

குழந்தையின் எடைக்குத் தோல் பரப்பு பெரியவர்களைவிட அதிகம். உடம்பு முழுக்கத் துடைத்தால் போகும் அளவும் அதற்கேற்ப அதிகம். அதோடு துணிக்குள் சுற்றிய பிள்ளை அந்த ஆவியை மூச்சிலும் இழுக்கும். ஆல்கஹால் குழந்தைகளுக்கு ரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்த குழந்தைகள் நினைவிழந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது மருத்துவ இதழ்களில் பல தடவை பதிவாகியிருக்கிறது. குறைமாதப் பிள்ளைகளின் தோலில் அந்தத் தடுப்பு அடுக்கே முழுசாக உருவாகியிருக்காது. ஸ்பிரிட் நனைந்த துணிமேல் கிடந்த குறைமாதக் குழந்தையின் முதுகுத் தோல் கருகி, ரத்தத்தில் ஆல்கஹால் ஏறிய சம்பவம் ஒன்று 1982-ல் பிரிட்டனில் பதிவானது.

காய்ச்சலுக்கு டாக்டர் எடை பார்த்து எழுதிய பாரசிட்டமால் போதும். துடைப்பதென்றால் வெதுவெதுப்பான தண்ணீர். மூன்று மாதம் ஆகாத பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் துடைத்துக்கொண்டு உட்காராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொப்புள் கொடிக்கும் ஸ்பிரிட் பஞ்சு வைத்துக் கட்டும் பழக்கம் இருக்கிறது. சுத்தமாக, காய்ந்தபடி வைத்திருந்தாலே அது தானாக உதிர்ந்துவிடும்.

"மல்லித் தோட்டத்துக்கு மருந்து அடிக்கப் போறேன். போறதுக்கு முன்னாடி ஒரு கட்டிங் போட்டா என்னண்ணே?"

திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்குப் பின்னால், மொட்டுப் புழுவுக்கும் சிலந்திக்கும் அடிக்கும் மருந்து நிறைய இருக்கிறது. அதை முதுகில் தூக்கிக்கொண்டு அடிப்பவர் தோலும் இருக்கிறது.

தடவிய ஆல்கஹால் மட்டுமில்லை, குடித்த ஆல்கஹாலும் தோலை மாற்றும் என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள். பிராண்ட் என்பவரின் குழு 2000-களில் செய்த சோதனைகளில், எத்தனால் கொடுத்த எலிகளின் தோல் களைக்கொல்லிகளைக் கூடுதலாக உள்ளே விட்டது. எலித் தோல் நம் தோல் இல்லைதான், எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் போதையில் கையுறையை மறப்பதும், டேங்க் ஒழுகுவதைக் கவனிக்காமல் விடுவதும் எலிச் சோதனை இல்லாமலே நமக்குத் தெரிந்த விஷயம்.

டேங்க் மூடி சரியாக இல்லையென்றால் மருந்து முதுகில் இறங்கி, இடுப்பு வழியாக லுங்கிக்குள் போகும். அங்கேதான் ஆபத்து. 1967-ல் ஃபெல்ட்மன், மைபாக் இருவரும் ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்தை உடம்பில் வெவ்வேறு இடங்களில் தடவி அளந்தார்கள். முன்கையை ஒன்று என்று வைத்தால் முதுகு 1.7, உச்சந்தலை 3.5, நெற்றி 6, தாடையோரம் 13, விதைப்பை 42. உள்ளங்கால் வெறும் 0.14. காலில் பூட்ஸ் போடுவதில் காட்டும் அக்கறையை இடுப்புக்குக் கீழே நனைந்த லுங்கியை உடனே மாற்றுவதில் காட்டினால் பலன் அதிகம்.

"இ.சி." (தண்ணீரில் கலந்து அடிக்கும் அடர்கரைசல்) என்று போட்டிருக்கும் பூச்சிமருந்துகளில் ஏற்கெனவே எண்ணெய்க் கரைப்பான் கலந்திருக்கிறது. மேலே பட்டால் நிறையத் தண்ணீரும் சோப்பும்தான். ஸ்பிரிட்டையோ பெட்ரோலையோ வைத்துத் துடைத்தால், ஒட்டியிருக்கும் மருந்தைக் கரைத்துப் பரப்பி, தோலின் கொழுப்பையும் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும்.

"மரப் பட்டறையில பாலிஷ் போடுறேன். கை எல்லாம் வெடிச்சுப் போச்சு. க்ரீம் ஏதாவது?"

க்ரீம் தருகிறேன், ஆனால் கேள்வி க்ரீமோடு முடிவதில்லை. அரக்குச் சில்லை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, துணியில் பஞ்சைப் பொதிந்து, அதை நனைத்து நனைத்து மரத்தில் வட்டம் வட்டமாகத் தேய்க்கிறீர்கள். பொதியைப் பிடித்த விரல் நுனிகள் நாள் முழுக்க அதே திரவத்தில் ஊறுகின்றன. கொழுப்பு போய், ஈரம் போய், நகக்கண் ஓரத்தில் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் சுவரே கிடையாது. அதற்குமேல் படும் எதுவும் நேராக உள்ளே.

எந்த ஸ்பிரிட் என்பதுதான் முக்கியம். குடிக்க முடியாதபடி செய்த தொழிற்சாலை ஸ்பிரிட்டிலும் பல தின்னர்களிலும் மெத்தனால் இருக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் கொன்றது இதே மெத்தனால்தான். குடித்தால்தான் ஆபத்து என்று இல்லை. கையைச் சுத்த மெத்தனாலில் முக்கி வைத்த தன்னார்வலர்களிடம் அளந்ததில், ஒரு மணி நேரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 8 மில்லிகிராம் உள்ளே போனது. ஒரு கைக்கு 400 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள், மணிக்கு மூன்று கிராமுக்கு மேல் வருகிறது. உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். முதலில் அடி வாங்குவது கண் நரம்பு.

கையுறை என்று நம் கடையில் வாங்கிப் போகும் மெல்லிய லேடெக்ஸ் உறை இதற்கு உதவாது. ஆல்கஹால் அதைச் சீக்கிரமே கடந்துவிடும், கடந்தபின் உள்ளே சிக்கிக்கொள்ளும், மேலே சொன்ன மூடி வைத்த நிலைமைதான். பியூட்டைல் ரப்பர் உறை நன்றாகத் தடுக்கும். கிடைக்காவிட்டால் நைட்ரைல் போட்டு, உள்ளே ஈரமானால் அப்போதே கழற்றி மாற்றுங்கள். வேலை முடிந்ததும் கையில் ஒட்டிய அரக்கைத் தின்னரில் கழுவும் பழக்கத்தை விடுங்கள். எண்ணெய் தேய்த்துத் துடைத்து, சோப்புப் போட்டால் கொஞ்ச நேரம் அதிகம் ஆகும், அவ்வளவுதான்.

பார்வை மங்கலாக, பனிமூட்டமாகத் தெரிந்தால் கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவில் "மெத்தனாலில் வேலை செய்கிறேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

"வெயில் காலத்துல அதிகமாப் போகுமா?"

சூடும் வியர்வையும் ஊடுருவலைக் கூட்டும். சித்திரை வெயிலில் மதுரை 40 டிகிரியைத் தொடும்போது திறந்த தோலில் ஆல்கஹாலும் வேகமாகப் பறந்துவிடும் என்பதால் சானிடைசருக்கு இது கவலையில்லை. பேட்ச் ஒட்டியிருப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஃபென்டனில் போன்ற வலிநிவாரணிப் பேட்ச் மேல் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது என்று பெட்டியிலேயே போட்டிருக்கும்.

"நர்ஸ் வேலை. சோப்பா, சானிடைசரா, எதுல கை கம்மியா கெடும்?"

நம்பச் சிரமமாக இருக்கும், சானிடைசரில். உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறையில் எத்தனால் 80 சதவீதம், கூடவே 1.45 சதவீதம் கிளிசரின். அந்தக் கிளிசரின் தோலில் தங்கி ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. சோப்பும் டிடர்ஜென்டும் கொழுப்பைக் கழுவி எடுத்துக்கொண்டு போவதோடு, புரதத்திலும் ஒட்டிக்கொண்டு எரிச்சல் தருகின்றன. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் தோலிலிருந்து ஆவியாகும் நீரிழப்பு டிடர்ஜென்ட் கழுவலில்தான் அதிகம்.

அப்படியானால் சானிடைசர் போட்டதும் எரிவதேன்? சோப்பால் ஏற்கெனவே வெடித்த கைமேல் ஆல்கஹால் படுவதால். பழி கடைசியில் வந்தவர்மேல் விழுகிறது. கை கழுவிய ஈரத்தோடே சானிடைசர் போடாதீர்கள். ஷிஃப்ட் முடிந்ததும் வாசலின் தடவுங்கள்.

"க்ரீம் டப்பாவுல செட்டோஸ்டீரைல் ஆல்கஹால்னு போட்டிருக்கே, தோலைக் காய வைக்காதா?"

வைக்காது. மேலே சொன்ன மெழுகு ஆல்கஹால்கள் அவை. தோலை மிருதுவாக்கத்தான் சேர்க்கிறார்கள். அபூர்வமாகச் சிலருக்கு ஒவ்வாமை வரும்.

"இன்சுலின் போடுறதுக்கு முன்னாடி ஸ்பிரிட் துடைக்கணுமா?"

குளித்துச் சுத்தமாக இருந்தால் வீட்டில் அவசியமில்லை. துடைத்தால் காயவிட்டுக் குத்துங்கள். ஈரத்தோடு குத்தினால் எரியும், அதைத் தவிர பெரிய விஷயமில்லை.

"சென்ட் அடிச்சா எரியுது, அத்தர் போட்டா எரியலையே?"

சென்ட்டில் பெரும்பகுதி எத்தனால். சவரம் செய்த தாடையில் அடித்தால் எரியத்தான் செய்யும், பிளேடு மேலடுக்கைச் சுரண்டியிருக்கிறது. அத்தர் எண்ணெயில் இருப்பதால் எரியாது. ஆனால் அதன் வாசனைப் பொருள் பறக்காமல் அதே இடத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருக்கும். ஒவ்வாமை உள்ளவருக்கு இரண்டுமே ஒன்றுதான். சட்டையில் போட்டுக்கொள்ளுங்கள்.

"குடிச்சவன் தோல்லயும் நாத்தம் வருதே, வெளியவும் வருமா?"

வரும். குடித்ததில் சுமார் ஒரு சதவீதம் தோல் வழியாக, வியர்வையிலும் ஆவியாகவும் வெளியேறுகிறது. அமெரிக்காவில் குடிக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னவர்களின் கணுக்காலில் கட்டும் கருவி இதைத்தான் முகர்ந்து பார்க்கிறது. சுவர் இரண்டு பக்கமும் கசியும்.

"கேன்ல சில்லறையா விக்குற சானிடைசர் விலை கம்மியா இருக்கு, வாங்கலாமா?"

லேபிள் இருக்கிறதா, எந்த ஆல்கஹால், எத்தனை சதவீதம், தயாரித்தவர் முகவரி, உரிம எண் எல்லாம் இருக்கிறதா பாருங்கள். 2020-ல் கொரோனா நேரத்தில் அமெரிக்காவில் விற்ற பல சானிடைசர்களில் மெத்தனால் இருந்தது தெரிந்து, கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். மோந்து பார்த்து எத்தனாலா மெத்தனாலா என்று சொல்ல யாராலும் முடியாது, கொளுத்திப் பார்த்தும் முடியாது. கேன்காரர் "நல்ல சரக்குண்ணே" என்றால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் தரை துடைக்கக்கூட எடுக்காதீர்கள். துடைக்கும் துணியைப் பிழிவது கைதானே.